கரா கரா என்று ஓடிய இயந்திரம்

கண்காட்சி என்றால் நான் முதலில் தேடுவது இலவசப் பையைத்தான். போன மாதம் வாங்கிய நான்கு பைகள் இன்னும் என் கார் பின்சீட்டில் கிடக்கின்றன. அங்கே என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

1877-இல் தோக்கியோவின் உயெனோ பூங்காவில் நடந்த முதல் தேசியத் தொழில் கண்காட்சியில் என்னைப் போன்றவர்களுக்கு மரியாதை கிடைத்திருக்காது. வேடிக்கை பார்க்க வராதே, ஒப்பிட்டுப் பார்க்க வா என்பதுதான் அங்கே சட்டம். தெற்கே சத்சுமாவில் கிளர்ச்சி. ஆனாலும் உள்துறை அமைச்சர் ஒக்குபோ தொஷிமிச்சி கண்காட்சியை நிறுத்தவில்லை. (சத்சுமா அவருடைய சொந்த ஊர் வேறு!) சுமார் 450,000 பேர் வந்தார்கள்.

அங்கே முதல் பரிசு வென்ற ஒன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வானொலிக்காரியாயிற்றே, பெயரே சத்தத்திலிருந்து வந்தது என்றால் விடுவேனா? ‘கராபோ’. தகரக் குழாய்களில் பஞ்சை அடைத்துச் சுழற்றினால் மேலே நூலாக ஏறும். ‘கரா கரா’ என்று சத்தம் போடும். செய்தவர் காவுன் தொக்கிமுனே, முன்னாள் புத்த பிக்கு. நீராவி வேண்டாம், தண்ணீர்ச் சக்கரம் போதும். மிக்காவா வட்டாரத்தில் ஆற்றுப் படகுகளில்கூட இதைப் பொருத்தி நூல் நூற்றார்கள்.

பரிசு வாங்கியதுதான் வினையாகிவிட்டது. எல்லாரும் பார்த்தார்கள், பார்த்தவர்கள் அதேபோலச் செய்துகொண்டார்கள். பார்த்துக் கற்றுக்கொள்ளத்தானே அழைத்தார்கள்! காப்புரிமைச் சட்டம் அப்போது இல்லை. நாடெங்கும் கராபோ ஓடியது. காவுன் வறுமையில் தவித்தார்.

சட்டம் 1885-இல் வந்தது. 1890-இல் அதே உயெனோவில் மூன்றாவது கண்காட்சி. தச்சர் மகன் ஒருவர் நாள்தோறும் வந்து இயந்திரங்களின் முன்னால் நின்றார். அடுத்த வருடமே தான் செய்த மரத்தறிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பெயர் தொயோதா சக்கிச்சி. அவருடைய மகன்தான் பிறகு தறியிலிருந்து காருக்குத் தாவினார்.

ஆமாம், பைகள் கிடக்கும் என் காரும் டொயோட்டாதான். அன்று இரவு அதில் உட்கார்ந்து, கைப்பேசியில் கராபோ ஓடும் காணொளி ஒன்றைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். மழை தகரக்கூரையில் விழுவது போல இருந்தது. காவுனுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்?