இரசிகர்களின் கிராஃபிக்ஸ் கவலை: பிழை எங்கே தொடங்குகிறது?

கோலசிலாங்கூர் – இயக்குநர் அட்லியும் நடிகர் அல்லு அர்ஜுனும் இணையும் படத்தைச் சன் பிக்சர்ஸ் நிறுவனம் 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி அறிவித்தது. இருவரும் அமெரிக்காவிலுள்ள கிராஃபிக்ஸ் கூடங்களைப் பார்வையிடும் காட்சிகளே அந்த அறிவிப்புக் காணொளியில் முக்கிய இடம் பிடித்தன. அறிவியல் கற்பனைப் படமாக எதிர்பார்க்கப்படும் இதைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கிராஃபிக்ஸ் ஒழுங்காக இருக்குமா?" என்பதுதான்.

இதை வெறும் இரசிகர் சண்டையாக ஒதுக்கிவிட முடியாது. புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் வாழும் ஒரு குடும்பம் பெரிய திரையில் படம் பார்ப்பது ஒரு சிறு பயணம். கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கே சுமார் 40 கிலோமீட்டர். ஐந்து பேர் போய் வர நுழைவுச்சீட்டு, பெட்ரோல், சாப்பாடு என நூறு வெள்ளி எளிதில் கரைந்துவிடும். சில வாரங்களில் கைப்பேசியிலேயே வந்துவிடும் படத்திற்கு அவ்வளவு செலவழிப்பது பிரமாண்டமான காட்சிகளை நம்பித்தான். அந்தக் காட்சிகளே பொம்மைப் படம்போல் இருந்தால் ஏமாற்றம் இரட்டிப்பாகிறது.

இந்த அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிரபாஸ் நடித்த 'ஆதிபுருஷ்' படத்தின் முன்னோட்டம் 2022 அக்டோபரில் வெளிவந்து கடும் கேலிக்கு ஆளானது. 2023 ஜனவரியில் வரவேண்டிய படம், காட்சிகளை மெருகேற்ற ஜூன் 16-க்குத் தள்ளிப்போனது. அதன் பிறகும் கிராஃபிக்ஸ் பற்றிய குறைகள் ஓயவில்லை. அடிப்படை வடிவமைப்பே தவறினால் சில மாத ஒட்டுவேலை கைகொடுக்காது.

வேறு மாதிரியான அனுபவங்களும் உண்டு. ரஜினிகாந்தின் '2.0' 2017 தீபாவளிக்கு வருமென முதலில் கூறப்பட்டது. கிராஃபிக்ஸ் பணிகள் முடியாததால் தள்ளித் தள்ளி 2018 நவம்பர் 29-இல்தான் திரைகண்டது. சிவகார்த்திகேயனின் 'அயலான்' பல தடைகளைத் தாண்டி 2023 தீபாவளிக்கு அறிவிக்கப்பட்டு, கிராஃபிக்ஸ் தரத்திற்காக மீண்டும் 2024 பொங்கலுக்கு மாறியது. தாமதத்தைக் கேலி செய்தவர்களின் பிள்ளைகளே அந்த வேற்றுக்கிரகவாசியை இரசித்துப் பார்த்தனர்.

கிராஃபிக்ஸ் சொதப்புவது பெரும்பாலும் கணினியாலோ கலைஞரின் திறமைக் குறைவாலோ அல்ல. பல படங்களில் வெளியீட்டுத் தேதி முதலிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது. கிராஃபிக்ஸ் நிறுவனமோ காட்சிகளைக் கணக்கிட்டு, குறிப்பிட்ட விலைக்கு வேலையை ஒப்புக்கொள்கிறது. பிறகு காட்சி மாறினாலும் தேதி மாறுவதில்லை. பல வேளைகளில் தொகையும் மாறுவதில்லை. ஒளி விழும் திசை, நிழல், தரையில் பதியும் பாதத்தின் கனம் போன்ற நுட்பங்கள்தான் கடைசி நேர அவசரத்தில் முதலில் அடிபடுகின்றன. நம் கண்ணுக்கு உடனே "பொய்" என்று தெரிவதும் அவைதான்.

இதன் விலையைச் சிலாங்கூர் மாநிலமே பார்த்திருக்கிறது. புதுச்சேரிச் சிறுவனின் கதையான 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய அமெரிக்க நிறுவனம் 'ரிதம் அண்ட் ஹியூஸ்'. சைபர்ஜெயாவில் இருந்த அதன் கிளையும் அப்படத்தில் பணியாற்றியது. 2013 பிப்ரவரியில் அப்படம் சிறந்த கிராஃபிக்ஸுக்கான ஆஸ்கார் விருதை வென்றது. அதே மாதத்தில்தான் அந்நிறுவனம் திவாலானதாக அறிவித்து நீதிமன்றத்தை நாடியது. உலகமே வியந்த வேலையைச் செய்த நிறுவனத்தாலும் நிலைத்து நிற்க முடியவில்லை.

வரைகலை, அனிமேஷன் படிக்க விரும்பும் தோட்டப்புற மாணவர்கள் இன்று பலர். எனவே, இது பார்வையாளரின் பணத்தோடு முடியும் விவகாரமன்று; நாளை நம் பிள்ளைகள் அமரப்போகும் நாற்காலியைப் பற்றியதும்கூட. முன்னோட்டத்தில் குறை தெரிந்தால் இரசிகர்கள் தாராளமாகச் சுட்டிக்காட்டலாம். ஆனால், பெயர் தெரியாத கலைஞரைத் திட்டுவதைவிட, போதிய அவகாசம் தரப்பட்டதா என்று தயாரிப்பாளரைக் கேட்பதே பயன் தரும். "இன்னும் ஆறு மாதம் ஆகும்" என்று அறிவிப்பு வந்தால் பொறுத்துக்கொள்வதும் இரசிகர்கள் செய்யக்கூடிய உதவியே.