நோவை ஓடித் தீர்க்க ஏலாது

போன கிழமை சித்தியின்ட மகளிடமிருந்து ஒரு குரல் மெசேஜ் வந்தது. "அக்கா, விடிய ஓடினனான். ரெண்டு காலும் கல்லு மாதிரிக் கிடக்கு. பின்னேரமும் பிறக்டிஸ் இருக்கு. போகட்டோ, விடட்டோ?" அவளுக்கு வயது பதினாறு. 1500 மீற்றரும் 3000 மீற்றரும் ஓடுகிறாள். வலயமட்டம் தாண்டி மாகாணமட்டத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "விடிய ஓடி முடிச்சு என்ன சாப்பிட்டனீ?"

"தேத்தண்ணியும் ரெண்டு பிஸ்கற்றும். பிறகு ரியூசனுக்கு ஓடிட்டன்."

ஏழு வருசத்துக்கு முதல் நானும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். என்னிடம் அப்படி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்ப நான் ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருந்தேன். பக்கத்தின் நடுவில் கோடு கீறி, இந்தப் பக்கம் 'காலை', அந்தப் பக்கம் 'மாலை' எண்டு எழுதுவேன். எத்தனை றவுண்ட், எத்தனை நிமிடம், எல்லாம் அதில் இருக்கும். காலை ஏழு மணிக்கும் பின்னேரம் நாலரைக்கும் இடையில் நடந்ததைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. இப்ப யோசித்துப் பார்த்தால், எழுதாமல் விட்ட அந்த ஒன்பதரை மணித்தியாலம்தான் என்னை விழுத்தியது.

ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஓடுவது பிழை எண்டு நான் சொல்ல வரவில்லை. நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் உலகம் முழுக்க அப்படித்தான் ஓடுகிறார்கள். இரண்டாவது ஓட்டத்துக்கு முதல் அந்தக் காலுக்கு என்ன கொடுத்தோம் எண்டு ஒருவரும் கேட்பதில்லையே, அதைத்தான் பிழை எண்டு சொல்கிறேன்.

எங்கட மைதானங்களில் கால் நோவுக்கு ஒரே மருந்துதான். "இன்னும் ரெண்டு றவுண்ட் ஓடு, இளகும்." ஏனெண்டு கேட்டால், காலில் லக்ரிக் அசிட் தேங்கி நிற்குதாம், ஓடினால்தான் கரையுமாம். இது சரியில்லை. கடுமையான ஓட்டத்தில் கூடும் லக்ரேற் ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அடுத்த நாள், அதற்கடுத்த நாள் படியிறங்கும்போது துடையில் பிடிக்கும் நோ, தசைநார்களில் விழுந்த சின்னச் சின்னச் சேதத்தின் நோ. அது பொதுவாக 24 மணித்தியாலத்துக்கும் 72 மணித்தியாலத்துக்கும் இடையில்தான் உச்சத்துக்குப் போகும். அதே நாள் பின்னேரம் கால் கல்லாய்க் கிடப்பதற்கு முக்கியமான காரணம் வேறு: தசை தன் சேமிப்பில் வைத்திருந்த கிளைக்கோஜன் குறைந்துவிட்டது, உடம்பில் தண்ணியும் உப்பும் குறைந்துவிட்டது. வெறும் தாங்கியோடு எஞ்சினை இன்னும் ரெண்டு றவுண்ட் ஓட்டினால் என்ன இளகும்?

பெரிய ஓட்டக்காரர்களைக் காட்டித்தான் எங்களையும் இரண்டு தடவை ஓட விடுகிறார்கள். சரி, அவர்கள் எப்படி ஓடுகிறார்கள் எண்டு பார்ப்போம். கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022இல் பெர்லின் மரதனை 2 மணி 1 நிமிடம் 9 செக்கனில் முடித்தவர். கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 2 நிமிடம் 52 செக்கன். அவருடைய பயிற்சிமுகாமில் கிழமைக்கு மூன்று நாள்தான் கடுமையான பயிற்சி. மற்றப் பின்னேரங்களில் அவர்கள் போகும் இரண்டாவது ஓட்டம் கிலோமீற்றருக்கு 5 நிமிடம், சில நேரம் அதைவிட மெதுவு. கதைத்துக்கொண்டே ஓடலாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நித்திரை. நோர்வேயின் யாக்கொப் இங்கெபிரிட்சன், 2021இல் டோக்கியோவில் 1500 மீற்றரிலும் 2024இல் பாரிஸில் 5000 மீற்றரிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அவர்கள் ஒரே நாளில் காலையும் மாலையும் வேகப்பயிற்சி செய்வார்கள்தான். ஆனால் இடையிடையே ஒரு துளி இரத்தம் எடுத்து லக்ரேற் அளந்து, எல்லை தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள். இரண்டு பேரும் தங்களைக் கட்டுப்படுத்தப் பழகினவர்கள். நாங்கள் அவர்களிடமிருந்து எடுத்தது 'இரண்டு தடவை' என்ற எண்ணை மட்டும்தான்.

இனி என்ன செய்யலாம்?

முதலாவது சாப்பாடு. அடுத்த பயிற்சிக்கு எட்டு மணித்தியாலம்தான் இருக்கிறதெண்டால், ஓடி முடித்த முதல் மணித்தியாலத்திலிருந்தே உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 1 கிராம் அளவில் மாச்சத்து உள்ளே போகவேண்டும். 50 கிலோ பிள்ளைக்கு 50 கிராம். கால் றாத்தல் பாணில் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது. இரண்டு வாழைப்பழத்திலும் இருக்கிறது. அதோடு முட்டையோ, பருப்போ, கடலையோ. விலையான டப்பா மாக்கள் தேவையில்லை. ஓடுவதற்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் பின்னேரத்துக்குள் ஒன்றேகால் தொடக்கம் ஒன்றரை லீற்றர் தண்ணி, கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாட்டில் உப்பு இருக்கட்டும்.

இரண்டாவது நித்திரை. உங்கட வயதில் இரவுக்கு 8 தொடக்கம் 10 மணித்தியாலம் வேணும். இரவு பதினொரு மணிவரை படித்து நாலரைக்கு எழும்பினால் எத்தனை வருகுது? கணக்கை நீங்களே பாருங்கள். மத்தியானம் அரை மணித்தியாலம் கண்ணயர்ந்தாலும் உதவும்.

கிணற்றடியில் காலுக்குத் தண்ணி ஊற்றுவதும் எண்ணெய் போட்டு உருவுவதும் இதமாகத்தான் இருக்கும். நோவைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் பசித்த தசைக்கு அது சாப்பாடு ஆகாது. நோக்குளிசை போட்டுவிட்டு ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். உடம்பில் தண்ணி குறைந்திருக்கும்போது ஐபுப்ரோபன், டைக்ளோபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதோடு நிற்கச் சொல்லிக் கத்துகிற நோவின் வாயையும் பொத்திவிடும்.

என்னுடைய நோவும் கத்தியதுதான். முதலில் முன்னங்கால் முழுக்கப் பரவலாக நொந்தது. பிறகு ஒரு விரல் வைக்கிற இடத்தில் மட்டும் நொந்தது. கடைசியில் இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தது. எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியவில்லை. "நடிக்கிறாள், போட்டிக்குப் பயம்" எண்டார்கள். நானும் ரோசத்தில் ஓடினேன். மூன்று கிழமை கழித்து எடுத்த அடுத்த எக்ஸ்றேயில் எலும்பின் வெடிப்புத் தெரிந்தது. இப்படியான வெடிப்பு முதல் எக்ஸ்றேயில் பெரும்பாலும் தெரியாது எண்டு வைத்தியர் அப்பதான் சொன்னார். மாகாணமட்டப் போட்டியை ஊன்றுகோலோடு இருந்து பார்த்தேன்.

வைத்தியர் கேட்ட இன்னொரு கேள்வி, பீரியட்ஸ் ஒழுங்காக வருகுதோ எண்டு. ஐந்து மாதமாக வரவில்லை. கரைச்சல் விட்டது எண்டு நான் சந்தோசப்பட்டிருந்தேன். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் அதை நிறுத்தும், பிறகு எலும்பு மெலியும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்தச் சக்திப் பற்றாக்குறைக்கு ஒரு தனிப் பெயரே வைத்தது. அது பெடியளுக்கும் வரும். ஆனால் பெட்டையளின் உடம்பு தருகிற இந்த அடையாளத்தை எங்கட மைதானத்தில் யாரிடம் போய்ச் சொல்வது?

"எங்களிட்ட பிசியோ இல்லை, வசதி இல்லை, எங்கட பிள்ளையளிட்ட இருக்கிறது தாங்குற மனம் மட்டும்தான்" எண்டு சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கட காசில் பஸ்ஸுக்குக் கொடுத்துப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் மெதுவாக ஓடுவதற்கு வசதி தேவையில்லை. நித்திரைக்குக் காசு இல்லை. சாப்பாட்டுக்குத்தான் காசு வேணும், அதை மறைக்க ஏலாது. முட்டை வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு "நல்லாச் சாப்பிடு" எண்டு சொல்வது பகிடி. விளையாட்டுப் போட்டிக்குப் பந்தலும் கேடயமும் அன்பளிப்புச் செய்கிற பழைய மாணவர்களே, காலைப் பயிற்சி முடிந்ததும் மைதானத்திலேயே பாணும் பருப்பும் வாழைப்பழமும் கொடுங்களேன். பத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு வரப்போகுது?

சித்தியின்ட மகளுக்கு நான் சொன்னது இதுதான். "இப்ப சாப்பிடு. அரை மணித்தியாலம் படு. பின்னேரம் போய் பத்து நிமிசம் மெதுவா ஓடிப் பார். கால் இளகினால் இருபது நிமிசம், கதைக்கக்கூடிய வேகத்தில. இளகாட்டி, இல்லாட்டி நொண்டினால், ஒரு இடத்தில மட்டும் குத்தினால், நிப்பாட்டிப்போட்டு சேரிட்ட சொல்லு."

நேற்று தன் கொப்பியைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். காலைக்கும் மாலைக்கும் நடுவில் இன்னொரு பத்தி கீறி, 'பாண், முட்டை ஒண்டு, நித்திரை 40 நிமிசம், கால் பரவாயில்லை' எண்டு எழுதியிருந்தாள்.

"சேரிட்டக் காட்டினியோ?" எண்டு கேட்டேன்.

"இல்லை அக்கா. சாட்டுச் சொல்லுறன் எண்டு நினைப்பார்."

இதை வாசிக்கிற சேர்மாரே, மிஸ்மாரே, பின்னேரம் பிள்ளைகள் வந்து நிற்கும்போது அந்த நடுப்பத்தியை நீங்களாகவே கேளுங்கள். அவள் தானாக வந்து சொல்லமாட்டாள்.