பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்!

பள்ளி விடுமுறை விட்டால் போதும், கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் சொந்தக்காரர்கள் பினாங்குக்குக் கிளம்பி வந்துவிடுவார்கள். வந்ததும் முதல் கேள்வி, "அந்தச் சைக்கிள் சுவர் எங்கே இருக்கு?" என்பதுதான்.

லெபோ ஆர்மேனியனில், நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரில் பதித்து, அதன்மேல் இரண்டு குழந்தைகளை வரைந்திருக்கிறார் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச். 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது. அழகான படம், நானும் வரிசையில் நின்று செல்ஃபி எடுத்தவள்தான். ஆனால் அங்கே நாலு படம், அப்புறம் ஒரு செண்டோல் என்று வீடு திரும்பினால் ஊரில் பாதியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பாதியில் பெரும்பங்கு நம்முடையது.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையைப் பார்க்க நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். நம் ஊர்ப் பொக்கிஷங்கள் தெருவிலேயே இருக்கின்றன. இரண்டு மணி நேரம் நடந்தால் போதும். வாருங்கள், இன்று நான்தான் வழிகாட்டி!

லெபோ ஃபார்க்குவாரில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்குவோம். 1818-இல் கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளைத் தூண்களைப் பார்த்தால் இங்கிலாந்து நினைவுக்கு வரும். ஆனால் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். கட்டடத்தைக் காட்டும்போது பிள்ளைகளிடம் அதையும் சொல்லுங்கள்.

அங்கிருந்து ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங் வழியாக நடந்தால், குவான் யின் கோயிலின் ஊதுபத்திப் புகையைத் தாண்டி மகா மாரியம்மன் கோயில் வரும். இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். பெரிய சாலையில் இருந்து தெரிவது கோயிலின் பின்பக்கம். அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சுற்றிக்கொண்டு லெபோ குவீனுக்குப் போனால்தான் வாசலும் இராஜகோபுரமும் கண்ணில் படும். துறைமுகத்தில் மூட்டை சுமந்த, படகு தள்ளிய நம் மக்கள் கும்பிட்ட அம்மன் இவள். 1833-இல் கோயிலாக எழுந்த இதுவே பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில்.

கோயிலை விட்டு லெபோ பாசாருக்கு வந்தால், அதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் கடைத்தெரு. அடுத்து வரும் லெபோ பினாங்கு, கிட்டங்கித் தெரு. கிட்டங்கி என்றால் செட்டியார்கள் வரிசையாகப் பெட்டகமும் சாய்வுமேசையும் போட்டு வட்டித் தொழில் நடத்திய நீண்ட கூடம். வங்கிக் கதவு திறக்காத சிறு வியாபாரிக்கு அங்கேதான் கடன் கிடைத்தது. இந்தத் தெருவின் கோவில் வீட்டிலிருந்துதான் 1894 முதல் தைப்பூச வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. அஞ்சடியில் நின்று தேங்காய் உடைக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

லெபோ சூலியாவும் லெபோ கிங்கும் சந்திக்கும் முனையில் சின்னதாக நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவரின் நினைவாகக் கடல் தாண்டி வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. சுவரை ஒட்டிச் சிறு கடைகள் இருப்பதால், கவனிக்காமல் நடந்தால் தவறவிட்டுவிடுவோம். அதற்கு அப்பால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 'கிளிங்' என்ற சொல் இன்று நம்மைச் சுடும். ஆனால் 1801-இல் இந்தப் பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீனுக்கு அது பதவிப் பெயரின் ஒரு பகுதி. தென்னிந்தியச் சமூகத்தின் தலைவர் என்று பொருள். ஒரே சொல் பட்டமாக இருந்து எப்படி வசையானது என்பதைப் பதின்ம வயதுப் பிள்ளையிடம் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இப்போது லெபோ ஆர்மேனியன் பக்கத்தில்தான் இருக்கிறது. சைக்கிள் சுவருக்குப் போகலாம், தாராளமாகப் படம் எடுக்கலாம். எடுத்த பிறகு ஒரு நிமிடம் மேலே, மாடி ஜன்னல்களைப் பாருங்கள். அங்கெல்லாம் ஒரு காலத்தில் குடும்பங்கள் இருந்தன. 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை ஏழைகளும் நகரத்தின் நடுவில் வாழ முடிந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு போனது. வாடகை ஏறியது, பல குடும்பங்கள் வெளியேறின. 2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனால் கடைத்தெரு, கிட்டங்கித் தெரு என்று சொல்லி வளர்ந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெயர்ப்பலகையில் இல்லாத பெயரை, சொல்லும் வாய்தானே காப்பாற்ற வேண்டும்?

வானொலிக்காரி என்பதால் ஒரு யோசனை. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி ஜார்ஜ்டவுனில் வளர்ந்தவர்களா? அவர்களையும் கூட்டிக்கொண்டு இந்தத் தெருக்களில் நடங்கள். முடியவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, "இந்தத் தெருவுக்கு அப்போ என்ன பேரு? எந்தக் கடையில சாமான் வாங்குவீங்க?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும் என்று நினைப்பீர்கள். ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

கிளம்பும் முன் சில குறிப்புகள்: காலை ஒன்பது மணிக்குள் தொடங்கிவிடுங்கள், வெயில் தாங்காது. கழற்றி மாட்ட எளிதான செருப்பு நல்லது. தோளும் முழங்காலும் மூடிய உடை, வழிபாட்டுத் தலங்களுக்கு மரியாதை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம். அப்போது பள்ளிவாசலைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்க வேண்டாம். நடந்து முடித்ததும் தே தாரிக் குடித்துக்கொண்டே பிள்ளைகளிடம் கேளுங்கள், மாரியம்மன் கோயிலின் வாசல் எந்தத் தெருவில் என்று. சரியாகச் சொன்னால் அன்றைக்குச் செண்டோல் உங்கள் செலவு!