ஏகமனதாக நிறைவேறியது

கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைப் புத்தகங்களைப் புரட்டினால், "ஏகமனதாக நிறைவேறியது" என்னும் சொற்களை அடிக்கடி காணலாம். ஒற்றுமையே சங்கத்தின் உயிர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், நன்கு ஆராய்ந்து அனைவரும் ஒரு முடிவுக்கு வருவது வேறு, "மற்றவர்கள் எல்லாரும் சம்மதித்துவிட்டனர், நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?" என்று ஒவ்வொருவரும் வாய் மூடியிருப்பது வேறு. பின்னது அறிவிற் சிறந்தோரையும் குழியில் தள்ளவல்லது.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, அமெரிக்க அரசாங்கம் பயிற்சியளித்த சுமார் 1,400 கியூபா அகதிகள், காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்கக் கருதிப் பன்றி வளைகுடாவில் இறங்கினர். மூன்றே நாட்களில் அம்முயற்சி முறிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். திட்டம் தவறினால் படையினர் எஸ்காம்பிரே மலைக்குள் புகுந்துகொள்ளலாம் என்று ஆலோசகர்கள் நம்பியிருந்தனர். ஆனால் அம்மலையோ, இறங்குமிடத்திலிருந்து சுமார் 80 மைல் தொலைவில், சதுப்பு நிலத்துக்கு அப்பால் இருந்தது! கென்னடியின் ஆலோசகரும் சரித்திராசிரியருமான ஆர்தர் ஷ்லெசிஞ்சர், திட்டத்தை ஆட்சேபித்துத் தனியே குறிப்பு எழுதிக் கொடுத்தார். சபையிலோ மௌனம் சாதித்தார். அம்மௌனத்துக்காகப் பின்னர் தம்மையே நொந்துகொண்டார்.

மறு ஆண்டு அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரியவந்தது. ஜனாதிபதி அவரே, ஆலோசகர்களிலும் பலர் பழையவர்களே. ஆலோசிக்கும் முறை மட்டும் மாறியிருந்தது. பிறர் தயக்கமின்றிப் பேசும்பொருட்டுக் கென்னடி சில கூட்டங்களுக்கு வராமலே இருந்தார். ஆலோசகர்கள் பகுதிகளாகப் பிரிந்து, தத்தம் திட்டத்தை எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் குறை கண்டனர். தொடக்கத்தில் பலர் ஆதரித்த விமானத் தாக்குதல் கைவிடப்பட்டு, கடல்வழித் தடை தேர்ந்தெடுக்கப்பட்டது. போரின்றி நெருக்கடி தீர்ந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்த உளநூலறிஞர் இர்விங் ஜானிஸ், 1972-இல் வெளியிட்ட நூலில், முன்னதன் தவற்றைக் 'குழுச் சிந்தனை' என்னும் பெயரால் விளக்கினார். ஆட்கள் மாறவில்லை, முறை மாறிற்று, முடிவும் மாறிற்று என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

வல்லரசின் கதை நமக்கெதற்கு என்று எண்ணற்க. சென்ற தீபாவளிக்கு நன்கு விற்ற புடவை ரகத்தையே இவ்வாண்டும் இரு மடங்கு நெய்வது என்று ஒரு நெசவாளர் சங்கம் தீர்மானிப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் வேறு கரை கேட்பதை விற்பனையாளர் அறிவார். பெரியவரான தலைவர் முன்பு அதைச் சொல்லக் கூசுகிறார். பண்டிகை கடந்தபின் சரக்கு கிடங்கில் தேங்குகிறது. தறிக்காரருக்கு நூல் கொடுக்கப் பணமில்லை. விவசாயிகள் சங்கமொன்று விலை ஏறும் வரை பருத்தியை இருப்பு வைக்கத் தீர்மானிக்கிறது. ஏறாவிடில் எந்தத் தேதியில் விற்பது, அதுவரை கடனுக்கு வட்டி எவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை. நஷ்டமோ, வாய் திறவாதவர் தலையிலும் சேர்ந்தே விழுகிறது.

இதைத் தடுக்கச் செலவு ஒன்றுமில்லை. ஆலோசனைக்குரிய விஷயங்களையும் கணக்குகளையும் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே அனுப்புக. தலைவர் தம் அபிப்பிராயத்தை இறுதியிலேயே கூறுக. இளையவரும் புதியவரும் முதலில் பேசுக. பெருந்தொகைக்கான பிரேரணை வரும்போதெல்லாம், அதன் குறைகளை எடுத்துரைக்க ஓர் அங்கத்தினரை முறைவைத்து நியமித்திடுக. நியமனம் பெற்றுப் பேசுவோரை விரோதி என எவரும் கருதார். "இது தவறினால் என்ன செய்வோம்?" என்னும் வினாவுக்கு விடை எழுதாமல் எத்தீர்மானத்தையும் நிறைவேற்றற்க. ஆட்சேபங்களையும் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்க. அவசரமில்லாத பெரிய காரியங்களை அடுத்த கூட்டத்தில் மீண்டும் ஒருமுறை ஆராய்க.

இவ்வாறு இடங்கொடுத்தால் கட்சி பிரியும் என்று சிலர் அஞ்சுவர். சபையில் பேச இடமில்லாதபோதுதான் பேச்சு டீக்கடைக்குப் போய்க் கட்சியாக முளைக்கிறது. அதே சமயம், ஆட்சேபித்தவருக்கும் ஒரு கடமையுண்டு. தம் கருத்தை முழுதும் சொல்லி, முடிவு வேறாக அமைந்தபின், அதை நிறைவேற்ற மற்றவரோடு தோள் கொடுத்தல் வேண்டும்.

1844-இல் ராக்டேல் நகரில் நெசவாளர் பலர் உள்ளிட்ட தொழிலாளர் தொடங்கிய சங்கம், பங்குப் பணம் எவ்வளவாயினும் ஆளுக்கு ஒரு வாக்கே என்னும் நெறியை நிலைநாட்டியது. ஒவ்வொருவர் அறிவும் சபைக்குப் பயன்பட வேண்டும் என்பது அந்நெறியில் அடங்கிய பொருள். கை தூக்குவதோடு நம் கடமை முடிவதில்லை. தூக்குமுன் கேட்க வேண்டியதைக் கேட்பதும் அங்கத்தினர் கடமையேயாம்.