ஆட்சி மாற்றம்: நாட்டுக்கொரு நீதியா?

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் ஒரே மாதிரிதான் வரும். ஆனால் டெல்லியின் வெளியுறவுக் கொள்கையில் மட்டும் ஒரே அச்சிலிருந்து நாட்டுக்கொரு உருவம் வருகிறது.

1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் அதிபர் கய்யூமைக் கவிழ்க்க ஆயுதக் குழு முயன்றபோது, அன்றிரவே இந்திய ராணுவம் அங்கே இறங்கி ஆட்சியைக் காப்பாற்றியது. அதே மாலத்தீவில் 2012 பிப்ரவரியில், தேர்தலில் வென்ற நஷீத் பதவி விலகினார். துப்பாக்கி முனையில் விலக வைக்கப்பட்டதாக அவர் முறையிட்டார். இந்தியாவோ புதிய அதிபருக்கு உடனே வாழ்த்துச் சொன்னது.

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. இந்தியா 'கவலை' தெரிவித்தது. ஆனால் மார்ச் 27 அன்று ராணுவ அணிவகுப்புக்குப் பிரதிநிதியை அனுப்பியது. அன்று ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூனில் ஐ.நா. பொதுச்சபையில் 119 நாடுகள் கண்டனத் தீர்மானத்தை ஆதரிக்க, இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

2022இல் கோத்தபய ராஜபக்ச தப்பியோடியபோது 'இலங்கை மக்களோடு நிற்கிறோம்' என்றது டெல்லி. நல்லது. ஆனால் வங்கதேசத்தில், பிரதான எதிர்க்கட்சி புறக்கணித்த 2024 ஜனவரி தேர்தலுக்கு வாழ்த்து சொன்னதும் இதே டெல்லிதான். ஆகஸ்ட் 5 அன்று மாணவர் எழுச்சியில் ஹசீனா வீழ்ந்ததும், அவருக்கு அடைக்கலம் கிடைத்ததும் இங்கேதான்.

மியான்மருடன் 1,643 கி.மீ. எல்லை இருக்கிறது, ஆட்சியில் இருப்பவரோடு பேசித்தானே ஆக வேண்டும் என்பார்கள். உண்மைதான். 2025 அக்டோபரில் தாலிபான் அமைச்சர் முத்தகியை டெல்லி வரவேற்றதை நாமும் குறை சொல்லவில்லை. பேசுவது வேறு, கொடுமை நடக்கும்போது அணிவகுப்பில் போய் அமர்வது வேறு. ஆட்சியாளரோடு பேசும் நாடு, எதிரணியோடும் மக்களோடும் ஏன் பேசவில்லை?

ஒரே ஆளை நம்பி ஒரு நாட்டையே எதிர்கொண்டதன் விலையை டாக்காவில் இன்று நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே எழுந்த கசப்பு ஹசீனா மீது மட்டுமல்ல, இந்தியா மீதும்தான்.

தேசநலன் என்று சொல்லிச் செய்தால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லட்டும். ஜனநாயகம் என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைக்கட்டும். ஆட்சியாளர்கள் வருவார்கள், போவார்கள். அண்டை வீட்டு மக்கள் அங்கேயேதான் இருப்பார்கள். நாம் அன்று யார் பக்கம் நின்றோம் என்பதை அவர்கள் மறக்க மாட்டார்கள்.