அரிசி வாளிக்குள் கார் சாவி

கால்சட்டைப் பையில் மறந்துபோன கார் சாவி, துணிகளோடு சேர்ந்து சலவை இயந்திரத்தில் சுற்றி வெளியே வருகிறது. அடுத்து அது எங்கே போகும்? நம்மில் பலர் வீட்டில் அரிசி வாளிக்குத்தான். "அரிசி தண்ணீரை உறிஞ்சிவிடும்" என்பார்கள். இந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. பயன் குறைவு என்பதால் மட்டுமல்ல, சாவியைக் காப்பாற்றக்கூடிய முதல் சில நிமிடங்களை அது வீணாக்கிவிடுகிறது என்பதால்.

சாவியைக் கெடுப்பது தண்ணீர் மட்டும் அன்று. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து கெடுக்கின்றன. தொலைவிலிருந்து கதவைத் திறக்கும் சாவிகள் பலவற்றில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் மின்கலம் இருக்கிறது. நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். சவர்க்காரத் தூளிலும் கடல்நீரிலும் அயனிகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே, ஆய்வுக்கூடத்தில் செம்புத் தகடுகளை வைத்து நீங்கள் செய்யும் அதே மின்னாற்பகுப்பு சாவிக்குள்ளும் நடக்கிறது. நேர்முனையோடு இணைந்த செம்புத் தடம் அயனிகளாகக் கரைகிறது. அந்தத் தடத்தின் அகலமோ ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பழுதான சாவியைத் திறந்தால் தெரியும் பச்சைப் படிவு இப்படி வந்ததுதான்.

எனவே முதல் வேலை மின்கலத்தைக் கழற்றுவது. "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று பொத்தானை அழுத்தக் கை துறுதுறுக்கும், அழுத்தாதீர்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உறையைத் திறந்து, மின்சுற்றுப் பலகையை வெளியே எடுங்கள். சவர்க்கார நீரிலோ கடலிலோ விழுந்த சாவி என்றால், பலகையைக் காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும். நனைந்ததை மறுபடியும் நனைப்பதா என்று பாட்டி கேட்பார். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. அங்கேயே தங்கி, காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு அரிப்பைத் தொடரும். அலசிய பின் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மென்மையான பல் தூரிகையால் தடவலாம், அடுப்புப் பக்கம் மட்டும் போகாமல். பிறகு மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள் வைத்தால் போதும். முடி உலர்த்தியின் சூடு வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

இனி அரிசிக்கு வருவோம். கடையில் வாங்கும் அரிசியிலேயே சுமார் 12 முதல் 14 விழுக்காடு ஈரம் இருக்கிறது. நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் இன்னும் கூடும். காற்றோட்டமில்லாத வாளிக்குள் புதைந்த சாவி, விசிறிக்கு முன்னால் இருப்பதைவிட வேகமாக உலர வழியில்லை. அரிசித் தூள் வேறு இடுக்குகளில் புகும். நனைந்த ஐபோனை அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் அறிவுறுத்தியது.

"எங்கள் வீட்டில் பலித்ததே" என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அரிசி இல்லாமலே அந்தச் சாவி பிழைத்திருக்காதா? ஒப்பிட ஒன்றும் இல்லாமல் அரிசிக்குப் பெயர் வாங்கித் தருவது அறிவியல் ஆகாது. ஒரே அளவுள்ள இரண்டு பஞ்சுத் துண்டுகளை ஒரே எடை வரும்வரை நனைத்து, ஒன்றை அரிசியிலும் மற்றதை விசிறிக்கு முன்னும் வையுங்கள். மணிக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பள்ளி அறிவியல் விழாவுக்கு இதுவே நல்ல தலைப்பு.

மாற்றுச் சாவிக்குப் பல நூறு ரிங்கிட் ஆகலாம் என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். சாவி உலரும்வரை கார் நின்றுவிடுமே என்ற பயமும் பெரும்பாலும் தேவையில்லை. பல சாவிகளில் தனியே ஒரு சில்லு உண்டு. காரிலிருந்து வரும் மின்காந்தப் புலமே அதற்குச் சக்தி தருகிறது, மின்கலம் தேவையில்லை. அந்தச் சில்லு பிழைத்திருந்தால், கார்க் கையேடு காட்டும் இடத்தில் சாவியைப் பிடித்து இயந்திரத்தை முடுக்கலாம்.

கழற்றிய மின்கலத்தை மேசைமேல் விட்டுவிடாதீர்கள். வீட்டிலுள்ள சிறு பிள்ளை அதை விழுங்கினால், உமிழ்நீரில் அதே மின்னாற்பகுப்பு தொடங்கிக் காரம் உருவாகும். 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் கடுமையாக வெந்துபோகக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.