கடலோரப் பெண்ணுக்கு வெக்டர் எதற்கு?

"உப்பளத்து ஊர்ப் பிள்ளைக்கு வெக்டர் எதற்கு?" என்று கேட்போர் எங்கள் மரக்காணத்தில் உண்டு. தோழியர் சிலரும் அதைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிட வேண்டிய பாடமாகவே எண்ணுகின்றனர். இரவில் படகுகள் கடலுக்குச் செல்லும் ஊருக்கு இதைவிடத் தேவையான பாடம் வேறில்லை என்பது என் கருத்து.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நம் கரையை ஆதிப்புள்ளியாகக் கொள்வோம். அங்கிருந்து புறப்படும் படகு, மணிக்குக் கிழக்கே 8 கிலோமீட்டரும் வடக்கே 6 கிலோமீட்டரும் நகர்கிறது. அதே வேளையில், கிழக்கே 16, வடக்கே 60 கிலோமீட்டரில் உள்ள கப்பலொன்று மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் நேர் தெற்கே வருகிறது. இவை மோதுமா?

இரண்டின் நிலைவெக்டர்களும் ஒரே நேரத்தில் சமமானால் மோதும். கிழக்குக் கூறு சமமாக 2 மணி நேரம் ஆகும். வடக்குக் கூறில் உள்ள 60 கிலோமீட்டர் இடைவெளி மணிக்கு 30 வீதம் குறைகிறது. அதற்கும் 2 மணி நேரமே. விடைகள் ஒன்றாகிவிட்டன, மோதல் உறுதி! கப்பல் 72 கிலோமீட்டர் வடக்கே இருந்திருந்தால், இரண்டாம் விடை 2.4 மணி. பாதைகள் வெட்டிக்கொள்ளும், ஆனால் மோதல் நேராது. இடம் ஒன்றானால் போதாது, காலமும் ஒன்றாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மோதும் கணக்கில், படகிலிருந்து பார்த்தால் கப்பல் முதலில் கிழக்கே 16, வடக்கே 60. ஒரு மணி கழித்துக் கிழக்கே 8, வடக்கே 30. தொலைவு பாதியாயிற்று, திசையோ மாறவே இல்லை.

இதைப் படித்தபோது என் தாத்தாவின் சொல் நினைவுக்கு வந்தது. "வர்ற வெளக்கு ஒரே பக்கமா நின்னு பெருசானா ஆபத்து, வெலகிக்கிட்டே போனா பயமில்ல" என்பார். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளும் இதையே கூறுகின்றன: நெருங்கி வரும் கலத்தின் திசை குறிப்பிடத்தக்க அளவு மாறாவிட்டால், மோதும் அபாயம் உண்டெனக் கொள்ள வேண்டும். பள்ளி வாசலை மிதிக்காத தாத்தாவின் அறிவும் நம் பாடநூலும் ஒன்றே அன்றோ!

இவ்விதியை மறந்தால் விளைவது என்ன? 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராசர் துறைமுகத்தின் அருகே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்னும் இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் கரையெங்கும் படிந்தது. அதை மக்கள் வாளிகளால் அள்ளினர். ஆமைகள் மடிந்தன, மீனவர் பிழைப்பு கெட்டது. பெருங்கப்பல்களுக்கே இந்நிலை என்றால், நம் சிறு படகுகள் எம்மாத்திரம்?

ஆகவே, வெக்டர் நமக்குரியதன்று என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆசிரியப் பெருமக்கள் இப்பாடத்தை நம் கடலையும் படகையும் காட்டி நடத்தினால் எவர் மனத்திலும் பதியும். தோழியரே, இன்றிரவே வீட்டில் இக்கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கடலுக்குப் போகும் தந்தையும் அண்ணனும் பத்திரமாகக் கரை சேர உதவும் கல்வியைவிடச் சிறந்த கல்வி எது?